சுருங்கிய பாவையும் நின்ற மூச்சும்: இந்தியாவில் அபினி மரணம் அடையாளம் காணப்பட்ட வரலாறு

1894ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வில்லியம் மூர் என்னும் மருத்துவர், சக மருத்துவர்கள் பார்த்திருக்க, 3 கிரெய்ன் மார்பினை விழுங்கினார். பழக்கமில்லாத ஒருவரைக் கொல்லப் போதுமான அளவு அது. உடனே 4 கிரெய்ன் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நீரில் கரைத்துக் குடித்தார். அவருக்கு எதுவும் நேரவில்லை. இரைப்பையில் கிடக்கும் மார்பினைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து செயலிழக்க வைக்கும் என்பதே அவர் காட்ட விரும்பியது. கிணற்று நீரைச் சுத்திகரிக்க இந்தியாவில் பரவலாகப் பயன்பட்ட அதே ஊதா நிறப் படிகம், அபினி நஞ்சுக்கு முறிவாகவும் மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது.

மூர் இந்தச் சோதனையை நிகழ்த்திய காலத்தில், பிரிட்டிஷ் அரசு அமைத்த அபினி குறித்த அரச ஆணையம் இந்தியச் சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. 1893இல் பிராசி பிரபு தலைமையில் அமைக்கப்பட்ட அவ்வாணையம், 1893-94 குளிர்காலத்தில் இந்தியாவின் பல நகரங்களுக்குச் சென்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 1895இல் ஏழு தொகுதிகளாகத் தன் அறிக்கையை முடித்தது. தர்பங்கா மகாராஜா இலட்சுமேஷ்வர் சிங், ஜூனாகத் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய் ஆகிய இருவரும் அதன் இந்திய உறுப்பினர்கள். அபினி வரலாற்றை ஆராய்வோர் எவரும் இந்த ஏழு தொகுதிகளைக் கடக்காமல் செல்ல முடியாது. எனினும் அவற்றைப் படிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அபினி ஒரு மனிதரை எவ்வாறு கொல்கிறது என்பது ஆணையத்தின் கேள்வியாக இருக்கவில்லை. அபினி மிதமாக உண்ணப்படுகிறதா, மிகுதியாக உண்ணப்படுகிறதா என்பதே அதன் கேள்வி.

இந்தப் பாகுபாடு ஒரு பொருளியல் தேவையிலிருந்து பிறந்தது. பட்னா, காசிப்பூர் முகமைகளின் வழியே விளைவிக்கப்பட்டுச் சீனாவுக்குச் சென்ற அபினி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்திய அரசின் முதன்மை வருவாய் இனங்களுள் ஒன்று. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் இரண்டும் விளைச்சலையும் விற்பனையையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தவை. உடல்நலத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஆணையத்தின் பெரும்பான்மை முடிவும் இந்த வழியிலேயே சென்றது. இந்தியாவில் அபினி பெரும்பாலும் மிதமாகவே பயன்படுத்தப்படுகிறது, தடை விதிக்க மக்களிடம் கோரிக்கை இல்லை, கண்கூடான கேடு எதுவும் பரவலாகத் தென்படவில்லை என்று அறிக்கை கூறியது. மருத்துவ உறுப்பினரான சர் வில்லியம் ராபர்ட்ஸ், அபினியின் மருத்துவப் பயன்களைப் பற்றித் தனிக் குறிப்பே எழுதினார். சதுப்புநிலக் காய்ச்சலை அது தடுக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்கும் அதில் இடமிருந்தது. ஹென்றி ஜே. வில்சன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.

மிதம், மிகுதி என்ற இரட்டைப் பாகுபாட்டில் ஒரு மருத்துவப் பிழை ஒளிந்திருக்கிறது. நாள்தோறும் அபினி உண்பவரின் உடல் அதைத் தாங்கப் பழகிவிடுகிறது. அவருக்கு 'மிதமான' உருண்டை, பழக்கமற்ற இளைஞருக்கு உயிர்போக்கும் அளவு. சில வாரம் நிறுத்தியிருந்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பும் ஒருவருக்கும் அவ்வாறே. ஆக, ஆபத்து பொருளின் அளவில் மட்டும் இல்லை. அந்த அளவுக்கும் அந்த நாளில் அந்த உடலின் தாங்குதிறனுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. தாங்குதிறன் என்ற கருத்தை அக்கால மருத்துவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆனால் ஆணையம் அதைப் பழக்கம் தீங்கற்றது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டதே தவிர, பழக்கம் முறியும்போது மரணம் அருகில் வருகிறது என்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை.

அபினி மரணத்தைத் தேடுவோர் வேறோர் ஆவணத் தொகுதிக்குச் செல்ல வேண்டும். அது நீதிமருத்துவம். நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட நீதிமருத்துவக் கையேடு தொடங்கி, ஜெய்சிங் மோதியின் 1920ஆம் ஆண்டுப் பாடநூல் வரை, இந்தியச் சூழலுக்கென எழுதப்பட்ட நூல்கள் அபினிக்குப் பல பக்கங்களை ஒதுக்கின. மாகாண வேதியியல் பரிசோதகர்களுக்கு வந்த உள்ளுறுப்புகளில் பாஷாணமும் அபினியும் மீண்டும் மீண்டும் காணப்பட்டன. அபினி எளிதில் கிடைத்தது, வலியின்றிக் கொன்றது. தற்கொலைக்கு அது மிகுதியாக நாடப்பட்டதற்கு இதுவே காரணம். காலனிய இந்தியாவின் நஞ்சு வரலாற்றை எழுதிய டேவிட் அர்னால்டின் 2016ஆம் ஆண்டு நூல் இப்பரப்பை விரிவாக ஆராய்கிறது.

இந்நூல்கள் மாணவர்களுக்குக் கற்பித்த மூன்று அடையாளங்கள் இன்றும் மாறவில்லை: எழுப்ப முடியாத உறக்கம், ஊசிமுனையளவு சுருங்கிய கண்பாவை, மெதுவாகிக்கொண்டே போகும் மூச்சு. அவற்றுடன் நீலம் பாயும் உதடும் நகமும், குளிர்ந்து ஈரமான தோலும், தொண்டையில் எழும் கொறட்டை போன்ற கரகரப்பும். குடிபோதையில் கிடப்பவரையும் மூளைத்தண்டில் இரத்தக்கசிவு கண்டவரையும் இவரிடமிருந்து பிரித்தறிவது எப்படி என்பதும் அங்கேயே விளக்கப்பட்டது. ஏனெனில் மூளைத்தண்டுக் கசிவிலும் பாவை சுருங்கும். நோயறியும் இந்தத் திறன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிகிச்சையோ வேறு கதை. இரைப்பையைக் கழுவுதல், கடுங்காப்பி புகட்டுதல், இருவர் தோள்கொடுத்து நோயாளியை மணிக்கணக்கில் நடத்துதல், ஈரத்துணியால் அடித்தல், முகத்தில் குளிர்நீர் தெளித்தல், அட்ரோப்பின் ஊசி. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே எண்ணத்தின் பல வடிவங்கள். உறக்கமே எதிரி, விழிக்க வைத்தால் பிழைப்பார் என்பது அந்த எண்ணம். உண்மையில் கொல்வது உறக்கம் அன்று. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புக் கூட்டங்கள் ஓபியாய்டு ஏற்பிகளின் வழியே ஒடுக்கப்படுகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் மூளை மூச்சை இழுக்கக் கட்டளையிடுவதில்லை. ஆக்சிஜன் குறைந்து, சில நிமிடங்களில் மூளையும் பின்னர் இதயமும் பாதிக்கப்படுகின்றன. செயற்கை மூச்சை இடைவிடாது கொடுத்தால் நஞ்சின் வேகம் தணியும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். அந்த நூல்களில் செயற்கை மூச்சும் குறிப்பிடப்படுகிறது. ஆனால் பட்டியலின் கடைசியில். இந்த வரிசைமுறை நூல்களிலிருந்து வீதிக்கு இறங்கி, அங்கே நூல்களைவிட நீண்ட ஆயுளுடன் வாழ்கிறது. மயங்கியவரை அறைவது, குளிர்நீரில் நனைப்பது, உப்புநீரை ஊசியாக ஏற்றுவது ஆகியவை உலகின் பல நகரங்களில் போதை ஊசி பயன்படுத்துவோரிடையே இன்றும் காணப்படும் 'முதலுதவிகள்'. அவற்றில் செலவாகும் நிமிடங்கள் மூச்சுக்குரியவை.

பெரியவர்களிடத்து நோயாகக் காணப்பட்ட இதே உறக்கம், குழந்தைகளிடத்து நல்ல குணமாகக் காணப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் 'பாலகோலி' என்ற அபினி மாத்திரை, தாய் வேலைக்குச் செல்லும் நேரத்தில் கைக்குழந்தையை உறங்க வைக்கக் கொடுக்கப்பட்டது. பத்து மணி நேரத்திற்கு மேல் ஆலையில் நிற்கும் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. 1920களில் தொழிலாளர் நல அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டித்தன. பசித்து அழாத குழந்தை மெலிந்தது. அளவு சற்றே கூடிய நாளில் விழிக்கவில்லை. அத்தகைய மரணங்கள் எவ்வளவு பதிவேறின, எவ்வளவு காய்ச்சல் என்றும் பலவீனம் என்றும் எழுதப்பட்டன என்பதைப் பிரித்துக் காட்டும் ஏடு எதுவும் இல்லை.

அசாமில் வரலாறு வேறு திசையில் நடந்தது. அங்கே அபினி, 'கானி', பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சமூகத் துயராகப் பேசப்பட்டது. ஹேமசந்திர பரூவா 1861இல் எழுதிய 'கானியார் கீர்த்தன்' அபினிக்கு அடிமையானவனின் சீரழிவை நகைச்சுவையோடு காட்டிய நாடகம். உள்ளூர் விளைச்சலைத் தடை செய்துவிட்டுத் தன் கிடங்கு அபினியை அரசே விற்ற அதே காலம் அது. 1925இல் அசாம் காங்கிரஸ் அமைத்த அபினி விசாரணைக் குழுவில் சி. எஃப். ஆண்ட்ரூஸ் பங்கேற்றார். சர்வதேச சங்கம் மருத்துவத் தேவைக்கென வகுத்த அளவு, பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6 சேர். அசாமின் பல மாவட்டங்கள் அதைப் பன்மடங்கு விஞ்சி நின்றன. எனினும் இங்கும் கணக்கு சேரில்தான் எழுதப்பட்டது. விற்ற எடை தெரியும். இறந்தவர் எண்ணிக்கை தெரியாது. வருவாய்த்துறையின் ஏடும் தேசியவாதிகளின் ஏடும் ஒரே அலகைப் பயன்படுத்தின என்பது சிந்திக்கத்தக்கது.

உண்மையான முறிமருந்து மெதுவாகவே வந்தது. 1915இல் யூலியஸ் போல் என்னும் ஆய்வாளர், கோடீனின் மூலக்கூற்றில் சிறு மாற்றம் செய்தபோது கிடைத்த பொருள், மார்பின் ஒடுக்கிய மூச்சை மீட்பதைக் கண்டார். அதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் நாலார்ஃபின் மருத்துவமனைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதுவே மூச்சை ஒடுக்கும் தன்மையும் மனக்குழப்பம் விளைக்கும் தன்மையும் கொண்டிருந்தது. 1960-61இல் ஜேக் ஃபிஷ்மேனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் நலோக்சோனை உருவாக்கினர். ஓபியாய்டு ஏற்பியில் மார்பினைவிட இறுகப் பற்றி, அதை வெளியே தள்ளி, தான் அங்கு எந்த விளைவையும் ஏற்படுத்தாமல் இடத்தை அடைத்து நிற்பதே அதன் செயல். ஓபியாய்டு இல்லாத உடலில் அது ஒன்றும் செய்யாது. தவறாகக் கணித்துக் கொடுத்தாலும் கேடில்லை என்ற இந்தப் பண்புதான், மருத்துவர் அல்லாதவர் கையிலும் இதைக் கொடுக்கலாம் என்ற வாதத்துக்கு அடித்தளம். 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1983இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தது.

ஃபிஷ்மேனின் வாழ்க்கையைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. போலந்தின் கிராக்கோவில் பிறந்த அவர், நாஜிகளிடமிருந்து தப்பிய பெற்றோருடன் சிறுவயதில் குடியேறிய ஊர் ஷாங்காய். பட்னா அபினியும் மால்வா அபினியும் பல பத்தாண்டுகள் இறக்குமதியான துறைமுகம் அது. 2003இல் அவருடைய மனைவியின் மகன் ஹெராயின் மிகையளவால் இறந்தார். மருந்தைக் கண்டவரின் குடும்பத்திலும், தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட இடத்தில் அம்மருந்து இருக்கவில்லை.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம் ஒரு திருப்பம். வருவாய்ப் பொருளாக இருந்தது குற்றப் பொருளாயிற்று. அதன் முதல் பலி வலிநீக்கம். சட்டம் கோரிய பல உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பின் வைத்திருப்பதையே கைவிட்டன. மருத்துவப் பயன்பாடு 97 விழுக்காடு வீழ்ந்து, 1997இல் ஏறத்தாழ 18 கிலோவில் நின்றது. உலகுக்கே மருத்துவ அபினி விளைவித்துக் கொடுத்த நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் இறந்தனர். கேரளத்தின் வலிதணிப்பு இயக்கத்தினர் நீண்டகாலம் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மறுபுறம், சட்டம் தடுக்க நினைத்தது தடைபடவில்லை. 1980களின் முற்பகுதியில் மியன்மார் எல்லை வழியே 'நம்பர் ஃபோர்' எனப்படும் தூய ஹெராயின் மணிப்பூருக்குள் நுழைந்தது. உண்ணும் அபினி தந்த கால அவகாசத்தை ஊசி தரவில்லை. இரைப்பையிலிருந்து அபினி இரத்தத்தில் ஏற மணிக்கணக்காகும்; நரம்பில் ஏற்றிய ஹெராயின் நிமிடங்களில் மூளையை அடையும். மூரின் ஊதாப் படிகத்துக்கு இங்கே வேலையே இல்லை.

மணிப்பூரில் 1989-90இல் ஊசி பயன்படுத்துவோரிடையே எச்.ஐ.வி. பரவிய வேகம் நாட்டையே திடுக்கிட வைத்தது. சில மாதங்களிலேயே பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேரிடம் தொற்று காணப்பட்டது. அந்த அச்சத்தின் விளைவாகத் தீங்கு குறைப்பு என்ற அணுகுமுறை வந்தது. 1996இல் மணிப்பூர் தன் எய்ட்ஸ் கொள்கையில் அதை ஏற்றது. சுராசாந்பூர் போன்ற மாவட்டங்களில் தூய ஊசி வழங்கும் பணி தொடங்கியது. தில்லியில் 1990களின் தொடக்கத்திலும், பின்னர் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியே பரவலாகவும், புப்ரினார்ஃபின் கொண்டு மாற்று மருத்துவம் நடைமுறைக்கு வந்தது. பணியாளர்கள் களத்தில் கண்டது வேறொன்று. தொற்றால் ஆண்டுகள் கழித்து இறப்பவரைவிட, இன்று மாலையே மூச்சு நின்று இறப்பவர் அவர்கள் கண்முன் இருந்தார். மிசோரமில் டெக்ஸ்ட்ரோப்ரோபாக்சிஃபீன் கலந்த வலிமாத்திரையின் உட்பொருளை நீரில் கலக்கி நரம்பில் ஏற்றியவர்கள் கையையும் காலையும் உயிரையும் இழந்தனர். அம்மருந்தை நடுவண் அரசு தடை செய்தது 2013இல். மணிப்பூரிலும் நாகாலாந்திலும் சில தன்னார்வத் திட்டங்கள் நலோக்சோனைக் கையில் எடுத்தன. ஊசி பயன்படுத்தியவர்களே பயிற்சி பெற்று, தம் நண்பர்களை மீட்டனர். இந்தியாவில் மிகையளவு மரணத்தை முதலில் கண்டுகொண்டு செயல்பட்டவர்கள் அவர்களே என்பதைப் பொதுச் சுகாதார வரலாறு இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

அவர்கள் கற்றுக்கொண்ட முறையை உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ அவ்வாறே சொல்கிறது. மயங்கிக் கிடப்பவரை உரக்க அழைத்து, தோளை அசைத்து, மார்பெலும்பின் மீது முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். அசைவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது இல்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் எண் 108. தலையைப் பின்சாய்த்து, முகவாயை உயர்த்தி, ஐந்து வினாடிக்கு ஒன்று என வாய்வழி மூச்சு கொடுக்க வேண்டும். நலோக்சோன் இருப்பின் 0.4 மில்லிகிராம் தசையில் செலுத்தலாம்; சில நிமிடங்களில் மாற்றம் இல்லையெனில் மீண்டும் ஒருமுறை. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனிருக்க வேண்டும். உடனிருத்தல் என்ற இக்கடைசிப் பகுதியே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. நலோக்சோனின் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும்; உடலில் தங்கிய ஓபியாய்டு அதைவிட நீண்டு செயல்பட்டால் மூச்சு மறுபடியும் ஒடுங்கும். விழித்தவர் கடும் விலகல் வேதனையில் மீண்டும் ஊசியைத் தேடவும் கூடும்.

எவர் இறக்கிறார் என்பதும் இப்போது தெளிவு. தூக்க மாத்திரையையோ மதுவையோ உடன் சேர்த்தவர், தனியாக இருந்தவர், எல்லாருக்கும் மேலாக, சிறையிலிருந்தோ போதைமீட்பு இல்லத்திலிருந்தோ அண்மையில் வெளிவந்தவர். தாங்குதிறன் போய்விட்ட உடலுக்குப் பழைய அளவு கொடுக்கப்படுகிறது. 1895ஆம் ஆண்டின் ஆணையம் காணத் தவறிய அதே இடைவெளி இது. இதைத் தெரிவிக்காமல் ஒருவரை 'குணமானவர்' என்று வீட்டுக்கு அனுப்பும் மையம், நோயாளியின் வாழ்வில் மிக ஆபத்தான வாரங்களை எச்சரிக்கையின்றித் தொடங்கி வைக்கிறது.

அருகிலிருப்போர் ஏன் அழைப்பதில்லை? 1985 சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஹெராயின் உட்கொள்வதே ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு 64ஏ பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் மயங்கிக் கிடக்கும் நண்பருக்காகத் தொலைபேசியை எடுப்பவரின் அச்சத்தை அப்பிரிவு போக்குவதில்லை. சாலை விபத்தில் உதவுவோரை 2019 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. மூச்சு நின்றவர் சாலையில் அடிபட்டவராக இருந்தால் பாதுகாப்பு உண்டு. ஊசியோடு கிடந்தால் அப்பிரிவு பொருந்தாது.

2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுள்ளோரில் 2.06 விழுக்காட்டினர் ஓபியாய்டு பயன்படுத்துகின்றனர், ஹெராயின் 1.14, மருந்துக்கடை ஓபியாய்டு 0.96, அபினி 0.52. ஊசி பயன்படுத்துவோர் ஏறத்தாழ 8.5 இலட்சம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அட்டவணையில் போதைப்பொருள் மிகையளவு என்ற வரிசைக்கு எதிரே அண்மை ஆண்டுகளில் உள்ளவை சில நூறுகள் மட்டுமே. இரண்டு கோடிப் பயனாளரும் சில நூறு மரணமும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. உடற்கூறாய்வு நடப்பதில்லை, அல்லது உள்ளுறுப்பு அறிக்கை தாமதமாக வருகிறது. குடும்பம் காரணத்தை மறைக்கிறது. காவல் நிலையம் அதைக் கிளற விரும்புவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வேதியியல் பரிசோதகர் அபினியைத் தேடிய உடல்கள், இன்று பல இடங்களில் எந்தச் சோதனையும் இன்றி எரியூட்டப்படுகின்றன. மரணச் சான்றிதழில் 'இதயமும் மூச்சும் நின்றதால்' என்று எழுதப்படுகிறது. ஏன் நின்றது என்ற இடம் நிரப்பப்படுவதில்லை.